மூன்றாவது எலும்பு

மக்கா சுஜா,

இதை வாசிக்கும்போது அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வராதே. உட்கார்ந்து வாசி. எனக்கு எழுத்து வேகமாக வராது. உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வீட்டில் நான் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் உனக்கு. அதனால் வாசிக்கவும் நேரம் எடுக்கும். ஆனாலும் இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரி அம்மா" என்கிறாய். வயிற்றுப் பிள்ளைக்கு எப்போது ஸ்கேன் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன், "சரி அம்மா" என்றாய். அங்கே கல்ஃபில் வெயில் குறைந்ததா என்று கேட்டேன், அதற்கும் "சரி அம்மா" என்றாய். லைன் சரியில்லை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பிஜு தனியாகக் கூப்பிட்டார். "மாமி, அவளுக்கு எங்கிட்ட என்னவோ கோபம் உண்டு. பின்னால நிண்ணு கூப்பிட்டா திரும்பமாட்டேங்குறா. மனசில எதையோ வச்சிருக்கா. நீங்க ஒண்ணு கேக்கணும்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. இதே பேச்சை இதற்கு முன் ஒருமுறை இன்னொரு ஆண் குரலில் நான் கேட்டிருக்கிறேன்.

எனக்குக் காதில் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்னவெல்லாம் நடந்தது என்று முழுசாகத் தெரியாது. அப்போது நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிராயம். இப்போது முழுசாகச் சொல்கிறேன், கேள்.

உன் அண்ணன் பிறந்தபிறகுதான் அது தொடங்கியது. வலி கிடையாது, சீழ் கிடையாது. ஊரில் எல்லாரும் சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டது போல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் என் குரல் மட்டும் என் தலைக்குள் பெரிதாகக் கேட்டது. பப்படத்தைக் கடித்தால் அந்த நொறுங்குகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறவர்கள் காணாமல் போவார்கள். நான் கத்துகிறேனோ என்று பயந்து மெதுவாகப் பேசத் தொடங்கினேன். அடக்கமான மருமகள் என்று எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. நீ வயிற்றில் இருந்தபோது அது இன்னும் கூடியது. உன் அப்பா அதற்குள் கல்ஃபுக்குப் போய்விட்டார், கட்டடங்களுக்குப் பலகையடிக்கிற வேலைக்கு. நான் உதியன்குளங்கரைப் பக்கத்தில் ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனேன். தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது அங்கே மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்காது. எனக்கோ அங்கேதான் நன்றாகக் கேட்டது! பக்கத்தில் இருந்து சுற்றுகிற தங்கம்மை சொல்கிற எல்லா ஊர்க்கதைக்கும் பதில் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் உன் அப்பாவின் அம்மா, என் மாமியார், வாசலில் நின்று கூப்பிடுவது கேட்காது. தறியில் கேட்கிற காது வீட்டில் மட்டும் கேட்காதா, வேலை செய்ய மடியாக்கும், சோம்பேறி என்று அவர் நினைத்தார். எனக்கே அதற்கு விளக்கம் தெரியாதபோது அவரைக் குறை சொல்ல முடியுமா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊரில் காது கேளாதவளுக்கும் புத்தி இல்லாதவளுக்கும் ஒரே வார்த்தைதான், பொட்டி. அந்தப் பெயர் விழுந்துவிட்டால் பிறகு நீ என்ன பேசினாலும் அது பொட்டி பேசுகிற பேச்சாகிவிடும். அதனால் நான் வாயைப் பார்க்கப் பழகினேன். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தேன். புரியாத கேள்விக்கு எல்லாம் தலையாட்டினேன். நீ "சரி அம்மா" சொல்கிறாயே, அதை உனக்கு முன்பே நான் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டேன் மக்கா.

அந்தச் சமயத்தில்தான் உன் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் லீவில் வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டரும், அப்பா பேசிய ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். அந்த நாளில் கல்ஃப்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசி அனுப்புவார்கள். முற்றத்தில் பாய் விரித்து அதை வைத்தோம். அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கேசட் ஓடியது. மாமியார் கண்ணைத் துடைத்தார், யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒன்றுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் முகம் மாறியது. தங்கம்மை எழுந்து போய்விட்டாள். மாமியார் அன்று என்னோடு சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்துபோகும். அதனால் கேட்காமலே இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் நீயும் நானும் மட்டும் இருந்தோம். அந்த டேப் ரெக்கார்டர் பெட்டியை எடுத்து உயரத்தில் வைக்கப் போனேன். எடுப்பதற்குள் நீ ஓடிவந்து அதன் பொத்தானை எல்லாம் அமுக்கிவிட்டாய். நான் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினேன். என் தாடை அதன் விளிம்பில் அழுந்தியது. அழுந்திய அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் உன் அப்பா பேசினார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தாடையை எடுத்தால் குரல் போய்விடுகிறது, வைத்தால் வருகிறது. காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்துப் பார்த்தேன், இன்னும் நன்றாக வந்தது. கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, பெட்டியை எலும்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டேன். நடுவில் அவர் இப்படிச் சொல்லியிருந்தார்: "அம்மா எழுதியிருந்தாவ, நீ ஆரு கூப்பிட்டாலும் திரும்புறதில்லேன்னு. நான் உன்னை விட்டுட்டு வந்ததில கோபமா? கோபம்ன்னா சொல்லு. நான் வேலையை விட்டுட்டு வந்திடுதேன்."

இதைச் சொன்னபோதுதான் எல்லாரும் என்னைப் பார்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டுத்தான் நான் சிரித்திருக்கிறேன். அந்தக் கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. அதிலேயே நான் பேசினேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. "கோபம் ஒண்ணும் இல்ல. எனக்குக் காது கேக்கல்ல. கொஞ்சம் காலமா கேக்கல்ல. நீங்க பேசினதைப் பெட்டியைத் தலையில வச்சாக்கும் கேட்டேன்" என்று சொல்லி, உன்னையும் அண்ணனையும் ஒவ்வொரு வார்த்தை பேசவைத்து, அந்தச் சிநேகிதர் திரும்பும்போது கொடுத்தனுப்பினேன். பதில் வந்தது. டாக்டரைப் போய்ப் பார், பாக்கியெல்லாம் பிறகு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இத்தனை காலம் நான் பயந்தது இந்த மனுஷனிடம் சொல்லவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் உள்ள ஒரு டாக்டரிடம் போனேன். அங்கே நல்ல கூட்டம். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வரும்போது ஒரே யோசனை. நரம்பு போயிருந்தால் தாடை வழியாக வந்த குரலைக் கேட்டது எது? உள்ளே எதுவோ உயிரோடு இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஆனால் அதை நம்பிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் தைரியம் வரவில்லை. அந்தத் தைரியம் வந்தது நெய்யாற்றின்கரையில்.

நாம் குடியிருந்த மண் அன்று நமக்குச் சொந்தமில்லை. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடக்கிறவர்களுக்கு அந்த வீட்டடியைச் சொந்தமாக்கித் தருகிற சட்டம் வந்திருந்தது. குடிகிடப்பு என்பார்கள். உன் அப்பா போவதற்கு முன்பே மனு கொடுத்திருந்தார். அது இழுத்து இழுத்து, அந்த வருஷம்தான் நெய்யாற்றின்கரை ஆபீசில் விசாரணைக்கு வந்தது. அவர் இல்லாததால் நான் போகவேண்டியதாயிற்று. துணைக்குத் தங்கம்மை வந்தாள். அதற்குள் ஊரில் அவளிடம் மட்டும் காது விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நிலத்துக்காரருக்கு ஒரு வக்கீல் இருந்தார். தாள்களைப் பார்த்தபடியே, குனிந்தே பேசுகிறவர். மீசை வாயை மூடியிருந்தது. மேலே ஃபேன் ஓடியதோ என்னவோ, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அவர் ஏதோ கேட்டார். "வேற" என்பதும் "உண்டோ" என்பதும் மட்டும் உதட்டில் தெரிந்தது. வீட்டில் வேறு ஆட்கள் உண்டா என்று கேட்கிறார் என்று நினைத்து, "உண்டு" என்றேன். அவர் தலையைத் தூக்கி, எத்தனை என்று கேட்டார். மாமியாரும் நீங்கள் இரண்டு பேரும். "மூணு" என்றேன்.

வக்கீல் சிரித்தார். எழுதுகிறவர் எழுதினார். நான் திரும்பித் தங்கம்மையைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தம் இல்லை. வேறு இடத்தில் உனக்கு நிலம் உண்டா என்பதுதான் கேள்வி என்று அவள் வாயசைப்பில் புரிந்தது. மூன்று இடத்தில் நிலம் இருக்கிறது என்று நான் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். வேறு நிலம் இருக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் தலைக்கு மேலே இருக்கிற கூரையை நான் தலையாட்டியே கொடுத்துவிட இருந்தேன்.

அப்போது எனக்குப் பயம் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நேராக விசாரிக்கிற ஆபீசரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். என் குரல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்ற கவலை இல்லாமல் பேசினேன். "சாரே, எனக்குக் காது கேக்காது. வீட்டில வேற ஆளு உண்டான்னு கேட்டதா நெனச்சாக்கும் சொன்னேன். இந்தக் கெடக்குற இடம் விட்டா எங்களுக்கு ஒரு பிடி மண்ணு கெடையாது. எனக்க முகத்தைப் பாத்து இன்னொருக்க கேக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த அறையில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லாரும் கேட்டார்கள். வக்கீல் விடவில்லை. இவள் தறிக்கூடத்தில் நாள் முழுக்க எல்லாரோடும் பேசுகிறவள், இப்போது நடிக்கிறாள் என்றார். ஆபீசர் அதை எனக்குப் புரியும்படி உரக்கத் திருப்பிச் சொன்னார். "அங்க எல்லாரும் தறிச் சத்தத்துக்கு மேல கத்தியாக்கும் பேசுவாவ சாரே. அதனாலதான் கேக்குது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அந்த மர்மம் விளங்கியது. ஆபீசர் வக்கீலை என் எதிரே நிற்கவைத்து, எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்கச் சொன்னார். முன்பு எழுதியதை அடிக்கச் சொன்னார். அந்த மண் நமக்குக் கிடைத்தது. நீ கல்யாணத்துக்குக் கிளம்பி இறங்கிய வீடு அதில் கட்டியதுதான்.

ஊருக்குள் பொட்டி என்ற பெயரும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. வந்தால் வரட்டும் என்றிருந்தது. இனி மறைக்க எதுவும் இல்லை என்றால் பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? மாமியாரிடம் உங்களை விட்டுவிட்டு, தங்கம்மையைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்து முழங்கையில் தட்டி என் காதுக்கு முன்னால் பிடித்தார். அது நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் இல்லை. அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். மணி அடித்ததுபோல உள்ளே கேட்டது. "ஞரம்பினு ஒரு குழப்பவும் இல்லா. வழியாணு அடஞ்ஞது" என்றார். நரம்புக்கு ஒன்றும் இல்லை, வழிதான் அடைந்திருக்கிறது.

அந்த வழியை அவர் ஒரு படத்தில் காட்டினார். அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வெளியே தெரிகிற காது சத்தத்தைப் பிடித்துத் துவாரத்துக்குள் விடுகிற வேலையைத்தான் செய்கிறது. துவாரம் முடிகிற இடத்தில் செண்டைத் தோல்போல இழுத்துக் கட்டிய மெல்லிய பறை ஒன்று உண்டு. சத்தம் என்பது காற்றின் அதிர்வு. அது வந்து தட்டினால் பறை அதிரும். பறைக்கு அந்தப் பக்கம் மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முதலாவது சுத்தி, அதன் காம்பு பறையில் ஒட்டியிருக்கும், பறை அதிர்ந்தால் அது அசையும். அது இரண்டாவதான பட்டடையை அசைக்கும். பட்டடை மூன்றாவதை அசைக்கும். குதிரை ஏறுகிறவர்கள் கால் வைக்கிற வளையம்போல இருப்பதால் மூன்றாவதற்கு அங்கவடி என்று பெயர். நெல்மணியைவிடச் சின்னது. உடம்பில் அதைவிடச் சின்ன எலும்பு இல்லையாம். அதன் அடித்தட்டு ஒரு குட்டி ஜன்னலில் பொருந்தி உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு உள்ளே நத்தை ஓடுபோலச் சுருண்ட ஒரு குழல், அது நிறைய நீர். அங்கவடி ஜன்னலில் உள்ளும் வெளியும் ஆட ஆட அந்த நீர் அலையும். நீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் சாயும். அந்தச் சாய்வை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும். அதுதான் நாம் கேட்பது.

காற்று நேராக அந்த நீரில் தட்டினால் போதாதா, இத்தனை எலும்பு எதற்கு என்று கேட்டேன். நீ குளத்தில் முங்கிக் கிடக்கும்போது கரையில் நிற்கிறவள் கூப்பிட்டால் கேட்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். காற்றில் வருகிற சத்தம் நீரில் பட்டால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். அதனால்தான் பெரிய பறையில் விழுகிற பலத்தை எல்லாம் அந்தச் சின்ன எலும்புகள் கூட்டிச் சேர்த்துச் சின்ன ஜன்னலில் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. எனக்கு அந்த ஜன்னலின் ஓரத்தில் புது எலும்பு வளர்ந்து அங்கவடியைப் பூட்டிவிட்டது. பறை அதிர்கிறது, சுத்தியும் பட்டடையும் தள்ளுகின்றன, மூன்றாவது அசைய மறுக்கிறது. பெட்டியைத் தாடையில் வைத்தபோது சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே நத்தைக்குப் போய்விட்டது. இது பெண்களுக்கு அதிகம் வரும், கர்ப்ப காலத்தில் சிலருக்குக் கூடும், குடும்பத்திலும் தொடரும் என்று அன்றே சொன்னார். கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை மக்கா. நீ வளர்ந்த காலம் முழுக்க உன்னைப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் திரும்பினாய்.

உன் அப்பா லீவு வாங்கி வந்தபிறகு வலது காதில் ஆபரேஷன் நடந்தது. மயங்க வைக்கவில்லை, காதை மட்டும் மரக்க வைத்தார்கள். முகத்தில் துணி மூடியிருந்தது. பூட்டிய எலும்பை எடுத்துவிட்டு, அடித்தட்டில் சின்னத் துளை போட்டு, பட்டடையில் ஒரு குட்டிக் குச்சியைக் கொக்கிபோல மாட்டினார்கள். மாட்டிய உடனே பாத்திரத்தில் கத்தி விழுகிற சத்தம் கேட்டது. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரம்மா, "கேக்குந்நுண்டோ?" என்றார். மெல்லத்தான் கேட்டார். நான் "உண்டு" என்றேன். என்னைச் சுற்றி இருந்த எல்லாருடைய மூச்சும் எனக்குக் கேட்டது.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று உன்னிடம் சொல்லமாட்டேன். சில நாள் தலை சுற்றியது, எழுந்து நிற்க முடியவில்லை. நாக்கின் ஒரு பக்கத்தில் காசை வைத்தது போன்ற ருசி மாதக்கணக்கில் போகவில்லை. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு கொஞ்சம் கேட்கிறதும் போய்விடக்கூடும் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. உனக்கு வந்திருப்பது இதேதானா என்று எனக்குத் தெரியாது. அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். அங்கேயே காது டாக்டரிடம் போ, அம்மாவுக்கு இப்படி இருந்தது என்று முதலிலேயே சொல். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆபரேஷன் செய்யமாட்டார்கள், அதனால் பயப்படாதே. அதுவரைக்கும் காதில் மாட்டுகிற கருவி உண்டு. இப்போது வருவது விரல் நுனி அளவுதான். நாலு பேர் பார்ப்பார்கள் என்றால் பார்க்கட்டும். பிஜுவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வாயால் வரவேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவுதானே. டி.வி.யை நிறுத்து. அவரை எதிரில் உட்காரவைத்துச் சொல்லு. அழுதுகொண்டு சொல்லவேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம். காய்ச்சல் வந்தால் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல்லு. அவர் நல்ல பிள்ளை. உன் கோபத்தைத் தாங்க முடியாமல் எனக்குப் போன் பண்ணினவர், இதைத் தாங்குவார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ பிறந்து உன்னை என் நெஞ்சில் கிடத்தினார்கள். நீ வாயைத் திறந்து, முகம் சிவந்து, கை இரண்டையும் உதறிக்கொண்டு அழுதாய். எனக்கு அது நாலு வீட்டுக்கு அப்பால் யாருடைய பிள்ளையோ அழுவதுபோலக் கேட்டது. உன் நெஞ்சு துடிப்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் அது நீதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். உனக்கு அப்படி நடக்க நான் விடமாட்டேன். பிள்ளை பிறக்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கருவி வாங்கு, இப்போதே மாட்டிப் பழகு, பிரசவ அறைக்குள் போகும்போதும் கழற்றமாட்டேன் என்று நர்ஸிடம் சொல்லிவை. அந்தப் பிள்ளை முதலில் அழும்போது, அது உன் மடியிலிருந்து உனக்குக் கேட்கவேண்டும்.

அம்மா